பொது வைஃபையா, சொந்த டேட்டாவா? பயணத்தில் எதற்கு எது?

கொச்சியைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர் மட்டாஞ்சேரியின் யூதர் தெருவுக்குப் போகாமல் திரும்புவது அரிது. 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் அங்கே இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததும், பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்ததால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் பெற்றதுமான மாளிகையும் அருகிலேயே உள்ளது. இவற்றைச் சூழ்ந்த தெருக்களில் மிளகு, ஏலம், கிராம்பு, சுக்கு ஆகியவற்றின் மணம் இன்றும் குறையவில்லை. பல நூற்றாண்டுகளாகப் பணம் கைமாறி வரும் தெருக்கள் அவை. அன்று நாணயமாகவும் உண்டியலாகவும் மாறிய பணம், இன்று கைப்பேசி வழியே மாறுகிறது.

சில மாதங்களுக்கு முன் நாங்கள் குடும்பத்துடன் அத்தெருவில் இருந்தோம். மிளகும் ஏலமும் வாங்கியபின், கடைக்காரரின் மேசைமேல் இருந்த க்யூ.ஆர். அட்டையை நோக்கிக் கைப்பேசியை நீட்டினோம். பழைய கட்டடத்தின் தடித்த சுவர்களுக்குள் சிக்னல் ஒற்றைக் கோடாக இறங்கிவிட்டது. செயலி திறக்கவே இல்லை. பின்னால் வேறு வாடிக்கையாளர்கள் காத்திருந்தனர். உடன் வந்த தம்பி மகன், "பெரியப்பா, இங்க பாஸ்வேர்டு கேக்காத வைஃபை ஒண்ணு காட்டுது. அதுல போட்டுடலாமே?" என்றான். கடைக்காரரிடம் விசாரித்தோம். அது தம் கடையுடையது அன்று என்றும், யாருடையது என்று தமக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார். நாங்கள் வாசலுக்கு வந்து, சிக்னல் திரும்பியதும் எங்கள் சொந்த டேட்டாவில் பணம் செலுத்திவிட்டுப் பொட்டலங்களைப் பெற்றுக்கொண்டோம்.

திரும்பும் வழியில் அவன் கேட்ட கேள்வி நியாயமானது. "காலையில ஸ்டேஷன் வைஃபையில படம் பாத்தப்ப ஒண்ணும் சொல்லலியே. இப்ப மட்டும் ஏன் வேணாம்னீங்க?" இந்தக் கேள்விக்கு முழுமையான விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொது வைஃபையை அடியோடு தவிர்க்கச் சொல்லும் அறிவுரை பயனற்றது. அதில் எதையும் செய்யலாம் என்பது ஆபத்தானது. செய்யும் வேலையைப் பொறுத்தே இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணத்தைத் தொடும் வேலைக்குச் சொந்த சிம்மின் டேட்டா. மற்றவற்றுக்குப் பொது வைஃபை.

பொது வைஃபை ஒரு நன்மையே

பொது வைஃபையைப் பழிப்பதற்கு முன் அது செய்த நன்மையை நினைவுகூர்வது முறை. மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் எறணாகுளம். அங்குள்ள எறணாகுளம் சந்திப்பு, 2016-ஆம் ஆண்டில் ரெயில்டெல் நிறுவனமும் கூகுளும் இணைந்து இலவச வைஃபை வழங்கத் தொடங்கிய முதல் சில ரயில் நிலையங்களுள் ஒன்று. அந்த நிலையத்தில் சுமை தூக்கிய தொழிலாளி ஒருவர் அதே வைஃபையில் பாடங்களைப் பதிவிறக்கி, பெட்டி சுமக்கும்போதே காதுக்கருவியில் கேட்டுப் படித்து, கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். 2018-இல் நாடெங்கும் நாளிதழ்களில் வந்த செய்தி இது. புத்தகம் வாங்கவும் பயிற்சி நிலையத்தில் சேரவும் வசதியில்லாத ஒருவருக்கு அந்த இலவச இணைப்பு நூலகமாகவும் வகுப்பறையாகவும் இருந்தது. பொது வைஃபை என்றாலே திருடர் பொறி என்று பேசுவோர் இந்த நிகழ்வை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்நாளில் டேட்டாவின் விலை இன்றுபோல் இல்லை. 2016-க்கு முன்வரை ஒரு ஜி.பி.க்கு 200 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் ஏற்பட்ட போட்டியில் அந்த விலை பெருமளவு சரிந்தது. ஆகவே, 'இனிப் பொது வைஃபை எதற்கு?' என்று கேட்போரும் உண்டு. ஆனால் தேவை தீர்ந்துவிடவில்லை. நாள்தோறும் கிடைக்கும் டேட்டா மாலைக்குள் தீர்ந்துபோகும் மாணவர், ரீசார்ஜ் காலம் முடிந்த தொழிலாளி, இந்திய சிம் இல்லாமல் வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணி, தடித்த சுவர்களுக்குள் சிக்னல் கிடைக்காமல் தவிப்பவர் ஆகிய அனைவருக்கும் அது இன்றும் வேண்டியிருக்கிறது.

இதை உணர்ந்தே அரசுகள் செயல்பட்டு வருகின்றன. கேரள மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கம் 'கே-ஃபை' என்ற பெயரில் பேருந்து நிலையங்கள், அரசு அலுவலகங்கள் முதலான 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் பொது வைஃபை அமைத்துள்ளது. கைப்பேசி எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. பெற்று நுழைவோர்க்கு நாளொன்றுக்கு 1 ஜி.பி. வரை இலவசம். ரயில் நிலையங்களில் ரெயில்டெல் வழங்கும் வைஃபையில் நாள்தோறும் முதல் 30 நிமிடங்கள் இலவசம். அதற்குமேல் வேண்டுவோர்க்குக் குறைந்த கட்டணத் திட்டங்கள் 2021 முதல் உள்ளன. மத்திய அமைச்சரவை 2020 டிசம்பர் 9 அன்று ஒப்புதல் அளித்த 'பிரதமர் வாணி' திட்டத்தின்படி, சிறு தேநீர்க் கடைக்காரரும் தனி உரிமம் இன்றித் தம் கடையில் பொது வைஃபை வழங்கலாம்.

அச்சத்தில் உண்மை எவ்வளவு?

பொது வைஃபை பற்றிய அச்சத்தில் பாதி பழையது. மீதிப் பாதி இன்றும் மெய்யானது. இரண்டையும் பிரித்தறிவது நல்லது.

பழைய அச்சம் ஒட்டுக்கேட்பது பற்றியது. கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபையில் செல்லும் தகவல் காற்றில் பரவும்; அருகில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். அன்று பல இணையதளங்கள் தகவலை அஞ்சலட்டைபோல் திறந்தே அனுப்பின. 2010-இல் ஃபயர்ஷீப் என்னும் சிறு மென்பொருள் வெளிவந்தபோது, அதே வைஃபையில் இருந்த மற்றவரின் சமூக வலைத்தளக் கணக்குக்குள் எவரும் ஓரிரு சொடுக்கில் நுழைய முடிந்தது. அந்த அதிர்ச்சியும் இணையம் மாறியதற்கு ஒரு காரணம். இன்று பெரும்பாலான தளங்களும் வங்கிச் செயலிகளும் தகவலை மறையாக்கம் செய்து, ஒட்டி முத்திரையிட்ட உறைபோல் அனுப்புகின்றன. யு.பி.ஐ. ரகசிய எண்ணும் கைப்பேசியிலேயே மறையாக்கம் செய்யப்பட்ட பின்னரே வெளியே செல்கிறது. எனவே, வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்தவுடன் பணம் பறிபோய்விடும் என்று சொல்வது மிகை.

இன்றைய ஆபத்து வேறு வகையினது. உறையைப் பிரிக்க முடியாத திருடன், அஞ்சல் பெட்டியையே போலியாக நட்டுவைக்கிறான். ஒரு வைஃபைக்கு எந்தப் பெயரையும் எவரும் சூட்டலாம். ரயில் நிலையம், விமான நிலையம், உணவகம் ஆகியவற்றின் பெயரிலேயே ஒருவர் தம் கைப்பைக்குள் இருக்கும் சிறு கருவியிலிருந்து வலையை விரிக்க முடியும். ஆஸ்திரேலியாவில் இது நடந்தது. 2024 ஏப்ரலில், உள்நாட்டு விமானம் ஒன்றில் ஐயத்துக்குரிய வைஃபை தென்படுவதை விமான நிறுவன ஊழியர்கள் கவனித்துப் புகார் செய்தனர். விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் உண்மையான வைஃபையின் பெயரிலேயே போலி இணைப்பு வைத்த ஒருவரைக் காவல்துறை பிடித்தது. அதில் இணைந்தோருக்கு ஒரு போலிப் பக்கம் தோன்றி, மின்னஞ்சல் அல்லது சமூக வலைத்தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்டது. பலர் தட்டச்சு செய்தும் கொடுத்துவிட்டனர். அந்த நபருக்கு 2025-இல் ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே மறையாக்கம் எதுவும் உடைக்கப்படவில்லை. பயணிகள் தாமே கடவுச்சொல்லைக் கொடுத்தனர். அவசரம், அசதி, 'இலவசம்' என்ற சொல் ஆகிய மூன்றும் சேர்ந்து அவர்கள் கையைத் தட்டச்சுப் பலகைக்கு இழுத்தன. பயணத்தில் இந்த மூன்றும் எவருக்கும் ஒருசேர வாய்ப்பவையே. மட்டாஞ்சேரிக் கடையில் எங்களுக்கும் அவையே வாய்த்தன.

சொந்த சிம் ஏன் வேறுபட்டது?

கைப்பேசிச் சேவையில் நுழைவதற்கு நாம் எந்தப் பக்கத்திலும் எதையும் தட்டச்சு செய்வதில்லை. சிம் அட்டைக்குள் ஓர் இரகசியக் குறி இருக்கிறது. 4ஜி, 5ஜி சேவைகளில் சிம் தன்னை நிறுவனத்துக்கு மெய்ப்பிப்பதோடு, நிறுவனத்தின் வலையமைப்பும் தன்னை சிம்முக்கு மெய்ப்பிக்க வேண்டும். அதன்பின் கோபுரம் வரை செல்லும் தகவலும் மறையாக்கம் செய்யப்படுகிறது. இது முற்றிலும் வெல்ல முடியாத அரண் அன்று. எனினும், ஒருவர் உணவகத்தின் பெயரைத் தம் கருவிக்குச் சூட்டுவதுபோல் எளிதாக இதைப் போலி செய்ய இயலாது.

இரண்டாவது காரணம் நம் வங்கிக் கணக்கோடு நேரடித் தொடர்புடையது. கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வருவது பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கே. சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் வைஃபையை மட்டும் நம்பிப் பணப் பரிமாற்றம் செய்தால், அந்தக் குறுஞ்செய்தி உடனே வந்து சேரும் என்ற உறுதி இல்லை. பணம் நகரும் நேரத்தில் காவல்காரனை வீட்டில் விட்டுவிட்டு வந்ததற்கு இது ஒப்பாகும்.

இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியிலும் இது முக்கியமானது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கான நெறியை வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ நேர்ந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாள்களுக்குள் முறையிட்ட வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் முறையிட்டால் அவர் பொறுப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. ஆனால் கடவுச்சொல்லையோ ரகசிய எண்ணையோ தாமே பிறருக்குக் கொடுத்த கவனக்குறைவினால் நேர்ந்த இழப்பு, அவர் முறையிடும்வரை அவரையே சேரும். போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு சொல், பொறுப்பை நம் பக்கம் சாய்த்துவிடக் கூடும் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது காரணம் எளிமை. பொது வைஃபையில் பாதுகாப்பாகப் பணம் அனுப்ப முடியாது என்பதில்லை. பெயரைச் சரிபார்த்து, பக்கத்தின் முகவரியைப் படித்து, உலாவி காட்டும் எச்சரிக்கையை மதித்து நடக்கும் ஒருவர் அதைச் செய்யலாம். ஆனால் கைக்குழந்தையுடன் நடைமேடையில் நிற்கும் தாய்க்கும், எழுத்து சரியாகத் தெரியாத கண்ணாடி அணிந்த முதியவருக்கும் பத்துச் சோதனைகளைச் சொல்லிக் கொடுப்பது நடைமுறை ஆகாது. 'பணம் என்றால் வைஃபையை அணை' என்ற ஒரு விதி எவருக்கும் நினைவில் நிற்கும். எந்த ஊரிலும் பொருந்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சொந்த டேட்டாவில் இருக்கிறோம் என்பதே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. திருமண அழைப்பிதழ், அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செயலியை நிறுவினால், எந்த இணைப்பில் இருந்தாலும் கணக்கு காலியாகலாம். பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டும் என்று கேட்பவன் ஏமாற்றுக்காரனே. இணைப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு கதவைத் தாழிடுவது. மற்றக் கதவுகளையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழங்குவோரின் கடமை

இதுவரை பயணியின் பொறுப்பையே பேசினோம். சுமை முழுவதையும் அவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று என்பது எங்கள் உறுதியான கருத்து. பொதுக் குழாயில் 'குடிநீர்' என்றோ 'குடிப்பதற்கு அன்று' என்றோ எழுதிவைக்கும் நாம், பொது வைஃபை உள்ள இடத்தில் அதன் சரியான பெயரைக்கூடப் பல இடங்களில் எழுதி வைப்பதில்லை. கைப்பேசித் திரையில் ஒன்றுபோல் தோன்றும் மூன்று பெயர்களுள் எது உண்மையானது என்று பயணி எவ்வாறு அறிவார்?

ஒரு பலகை போதும். வைஃபையின் சரியான பெயர், அதை வழங்கும் நிறுவனம், நுழைவுப் பக்கம் எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்ற நான்கு செய்திகள் அதில் இருக்க வேண்டும். 'கைப்பேசி எண்ணும் ஓ.டி.பி.யும் மட்டுமே கேட்கப்படும். மின்னஞ்சல் கடவுச்சொல், கார்டு எண், வங்கி விவரம் எதுவும் கேட்கப்படமாட்டா' என்ற ஒரு வரி, ஆஸ்திரேலியாவில் நடந்தது போன்ற மோசடியை நுழைவாயிலிலேயே நிறுத்திவிடும். மட்டாஞ்சேரி போன்ற சுற்றுலா இடத்தில் அது மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதோடு, தமிழிலும் இந்தியிலும் இருந்தால் இன்னும் நல்லது. விடுதிகளும் உணவகங்களும் தம் வைஃபைக்குக் கடவுச்சொல் வைத்து, அதன் பெயரை ரசீதிலேயே அச்சிடலாம். இவை எவற்றுக்கும் பெருஞ்செலவு இல்லை.

வங்கிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 'பொது வைஃபையைப் பயன்படுத்தாதீர்கள்' என்ற ஒற்றை வரி அறிவுரை, அந்த வைஃபையே கதியென்று இருப்பவரிடம் எடுபடுவதில்லை. அவர் அதை ஒருமுறை மீறிவிட்டால் பின்னர் எந்த அறிவுரையையும் மதிக்கமாட்டார். எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று பிரித்துச் சொல்வதும், இணையமே இல்லாதபோது என்ன வழி என்று சொல்லித் தருவதும் வங்கிகளின் கடமை.

பயணத்துக்கு முன்னும் பயணத்திலும்

இனி நடைமுறை. புறப்படுவதற்கு முன், ரீசார்ஜ் காலம் பயண நாள்களைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்வோம். வரைபடம், பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு ஆகியவற்றை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்தால் டேட்டா மிச்சமாகும். கைப்பேசியில் 'தெரிந்த வைஃபையில் தானே இணைவது' என்ற அமைப்பை அணைத்து வைப்போம். பழைய பயணங்களில் இணைந்த பெயர்களை நீக்கிவிடுவோம். புதிய கைப்பேசியில் யு.பி.ஐ. பதிவு செய்வதானால் அதை ஊரிலேயே முடித்துக்கொள்வது நல்லது. அந்தப் பதிவுக்குச் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி செல்ல வேண்டும். வைஃபை மட்டும் இருந்தால் அது நிறைவேறாது.

பயணத்தில் செய்தி படிக்க, படம் பார்க்க, வழி தேட, வரலாறு அறியப் பொது வைஃபையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். நுழைவுப் பக்கம் ஓ.டி.பி.க்கு மேல் எதையாவது கேட்டால், செயலி எதையாவது நிறுவச் சொன்னால், உடனே விலகிவிடலாம். வங்கிச் செயலி, யு.பி.ஐ., கார்டு விவரம், முதன்மை மின்னஞ்சலின் கடவுச்சொல் ஆகியவற்றைத் தொடும்போது வைஃபையை அணைத்துச் சொந்த டேட்டாவுக்கு மாறுவோம். நம் டேட்டா தீர்ந்திருந்தால், உடன் வருபவரின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லலாம். முன்பின் அறியாதவருடைய ஹாட்ஸ்பாட் வேண்டாம்.

இணையம் இல்லாமல் சிக்னல் மட்டும் இருந்தால் *99# என்ற எண்ணை அழைத்துப் பணம் அனுப்பும் வழியும் உண்டு. தம் சிம்மிலும் வங்கியிலும் அது இயங்குகிறதா என்று ஒருமுறை வீட்டிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டைப்பையில் சில நூறு ரூபாய் ரொக்கம் இருக்கட்டும். சிக்னல் இல்லாத கடையில் அதைவிட விரைவான பரிமாற்றம் வேறில்லை.

இத்தனைக்கும் பின்னர் ஏதேனும் தவறு நேர்ந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிட வேண்டும். முறையீடு எவ்வளவு விரைவில் செல்கிறதோ, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் தடுக்கும் வாய்ப்பும் அவ்வளவு மிகுதி.

தம்பி மகனின் கேள்விக்கு எங்கள் விடை இதுதான். ரயில் நிலையத்தில் நீ பார்த்தது படம். அதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த வைஃபை யாருடையது என்பதும் நமக்குத் தெரியும். கடையில் நாம் தொட்டது கணக்கு. அந்த வைஃபை யாருடையது என்று கடைக்காரருக்கே தெரியாது. வாசல் வரை நடந்த பத்து அடிகள் நமக்கு எந்தச் சிரமமும் தரவில்லை. அவ்வளவு தூரம் நடக்க வாசகர்களும் தயங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.